வடிவு வீட்டில் கை நனைத்தது

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள். ஆகாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எண்பத்து மூன்றாம் வருடம் மாசி மாதம் நான் இலங்கைக்குக் கப்பல் ஏறியபோது அம்மா சொல்லி அனுப்பியது இரண்டே விஷயம். ஒன்று, நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்துகொண்ட வெள்ளி நாகத்தை அவள் சந்நிதியில் சேர்த்துவிட வேண்டும். இன்னொன்று, “வடிவு வீட்ல கை நனைச்சிராதே.”

வடிவு என் தங்கை. மதுரைக்குப் படிக்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, பதினோரு வருடத்துக்கு முன் வேலணைக்குப் போனவள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். எங்கள் சைவம் எப்படிப்பட்டது என்றால், நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்குத் தாளில் சைபர் வாங்கும் பிள்ளையை மற்ற ஆசிரியர்கள் ‘முட்டை’ என்பார்கள். நான் சைபர் என்றுதான் சொல்வேன். மாப்பிள்ளை நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், தேவாரம் பாடுகிறவர். ஆனால் மீன் சாப்பிடுகிறவர். “பூசுறது நீறு, திங்கிறது மீனா?” என்று அப்பா கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

வடிவின் மகள் கௌரிக்கு இரண்டு வருடம் முன்பு கடுமையான காய்ச்சல் வந்தது. கடிதத்தில் செய்தி தெரிந்ததும் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பேத்திக்காகச் சாமியிடம் கையேந்தலாம், பேத்தி வீட்டில் கை நனைக்கக் கூடாது. இதில் அம்மாவுக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

என் பெட்டியில் துணியைவிடச் சாப்பாடுதான் அதிகம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல், அரிசி, ஒரு சின்ன வெண்கலப் பானை. தலைமன்னாரில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி பருப்புப் பொடியை முகர்ந்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பின்னால் நின்ற கொழும்புக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: “இந்த அம்மா நம்ம நாட்டில சோறு கிடைக்காது என்று நினைச்சு வந்திருக்கிறா.” சோறு கிடைக்காது என்று நினைக்கவில்லை, கிடைக்கிற சோற்றை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

திங்கட்கிழமை மத்தியானம் வேலணை. வடிவு வேலிப் படலையைத் திறந்துபிடித்து வாசலிலேயே நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். பேச்சு மாறியிருந்தது, என்னிடம் ஊர்த் தமிழ், திரும்பிப் புருஷனிடம் யாழ்ப்பாணத் தமிழ், இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட நேரம் எடுக்கவில்லை. அந்த ஊரில் ‘வடிவு’ என்றால் அழகு, நேர்த்தி. வடிவாக இருங்கோ, வடிவாக நித்திரை கொள்ளுங்கோ என்பார்கள். நாங்கள் வீட்டில் சொல்லாமல் விட்ட பெயரை அங்கே நாள் முழுக்க எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவர் சிவபாதம் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். அதிகம் பேசாதவர். “மச்சாள், வாங்கோ, வடிவாச் சாப்பிட்டு ஆறுங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரும் முன்பே என் பருப்புப் பொடியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வயிறு சரியில்லை, வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை, நானே பொங்கிக்கொள்கிறேன் என்றேன். தங்கை வீட்டை ‘வெளி’ என்று சொன்னது வாயைவிட்டு வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. வடிவு வீட்டு வளவில், வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்து, காய்ந்த பனை மட்டை கொண்டுவந்து போட்டாள்.

வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தது. சமையலறையான குசினிக்குள் ஒன்று, அதில் சைவம். வெளியே சுவரோடு ஒட்டி இறக்கிய சாய்ப்பில் ஒன்று, அதில் மீன். மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு, அகப்பைகூட வேறு. அந்தப் பக்கத்துச் சைவ வீடுகளில் இது வழக்கம்தான் என்று சிவபாதம் சொன்னார். என்ன வழக்கமாக இருந்தாலும் கூரை ஒன்றுதானே என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மரத்தடியில் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தேன். சிவபாதம் கீரையையும் பருப்பையும் அப்படியே பிசைந்து சாப்பிட்டார். மீன் குழம்பு வந்ததும் உப்புச் சிரட்டையை இழுத்து ஒரு சிட்டிகை எடுத்துச் சோற்றில் போட்டுக்கொண்டார். “இவருக்கு உப்பு நாக்கு அக்கா. எவ்வளவு போட்டாலும் காணாது” என்றாள் வடிவு. அவர் சிரித்துக்கொண்டார். மறுநாளும் அப்படியேதான். கீரைக்கு வேண்டாத உப்பு மீனுக்கு மட்டும் ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. என் பானையில் சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் வெள்ளி நாகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு நயினாதீவுக் கோயிலுக்குப் புறப்பட்டேன். கௌரிக்கு உடம்பு காய்ந்ததால் வடிவு வரவில்லை. மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்றார்கள். பஸ் மண்கும்பான், புங்குடுதீவு எல்லாம் தாண்டி, தண்ணீருக்கு நடுவில் போட்ட ரோட்டில் ஆடி ஆடிக் குறிகட்டுவானில் கொண்டுபோய் விட்டது. துறையில் இரண்டு மோட்டார் வள்ளங்கள். முன்னால் நின்றதில் சனம் ஏறிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தவரிடம், “இது தீவுக்குத்தானே போகுது?” என்று கேட்டேன்.

“ஓம், தீவுக்குத்தான். ஏறுங்கோ” என்றார்.

நான் கேட்ட கேள்வியின் அழகைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். நான் நின்றுகொண்டிருந்ததே ஒரு தீவு. காலையில் புறப்பட்ட வேலணையும் தீவு. அந்தக் கடலில் எந்த வள்ளம் தீவுக்குப் போகாது? எதிரே தெரிந்த கோயில் கோபுரம் மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கி, பிறகு முதுகுப் பக்கம் போய்விட்டது. கேட்டபோது நெடுந்தீவுக்குப் போகிறோம் என்றார்கள். திருப்பச் சொல்லி நான் போட்ட சத்தத்தில் பாதிதான் வெளியே வந்தது. மீதிக்குப் பதிலாக வாந்தி வந்தது.

பக்கத்திலிருந்த ஒரு பெண் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஜெபமாலை. பெயர் திரேசம்மா, புருஷன் கடற்றொழில், யாழ்ப்பாணத்தில் கருவாடு விற்றுவிட்டு ஊருக்குத் திரும்புகிறாள். அந்தக் கையில் கருவாட்டு மணம் இருந்தது. வேறு நேரமாக இருந்தால் விலகியிருப்பேன். அப்போது அந்தக் கையை எடுத்துவிடுவாளோ என்றுதான் பயந்தேன். நான் பள்ளி ஆசிரியை என்று தெரிந்ததும் ‘ரீச்சர்’ ஆனேன்.

நெடுந்தீவில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் பவளக்கல் வேலி. குதிரைகள் சொந்தக்காரர் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் மாட்டைப் பார்ப்பதுபோல அங்கே குதிரையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னேரம் திரும்ப வேண்டிய வள்ளத்தின் எஞ்சின் மூன்று முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. நாளைக்குக் காலையில்தான் என்றார்கள். வேலணைக்குச் செய்தி அனுப்ப வழியில்லை. திரேசம்மா என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்குள் போகும் முன் அவள் கேட்டாள், “ரீச்சர், நீங்கள் சைவமோ, வேதமோ?” நான் நிமிர்ந்து, “சைவம். சுத்த சைவம்” என்றேன். “அது தெரியுதே, நெத்தியில திருநீறு கிடக்கு” என்றாள். எனக்கு ஒரே நிம்மதி. சோறு குழைத்து, அதன் மேல் வெள்ளையாக ஒரு சொதியை வடித்து ஊற்றிக் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பால், வெந்தயம், பச்சை மிளகாய், மேலே எலுமிச்சைப் புளி. ஒரு வாசனை இருந்தது. கடற்கரை வீடு, கதவுகூட அப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கோப்பை குடித்தேன். மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன். காலையிலிருந்து குமட்டிக்கொண்டிருந்த வயிறு அடங்கியது. உப்பும் புளிப்பும் காரமும் அப்படி ஒன்றோடு ஒன்று சேர்ந்து நான் சாப்பிட்டதே இல்லை.

வியாழன் காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் கிணற்றடியில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “விளைமீன் இன்னும் ரெண்டு கிடக்கு ரீச்சர். நேத்து மாதிரிச் சொதி வைச்சுத் தரட்டோ?”

என் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. வேலி ஓரமாக ஓடிப்போய் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உடம்பு எப்போதோ அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டது. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் கட்டிக் காத்தது மூன்று கோப்பையில் போய்விட்டதே என்று அழுகை வந்தது. அழுதேன்.

திரேசம்மா பயந்துபோனாள். விஷயம் புரிய அவளுக்கு நேரமானது. அங்கே சைவம் என்றால் கோயிலுக்குப் போகிற சைவம். வேதம் என்றால் அவளைப்போல மாதாவைக் கும்பிடுகிறவர்கள். என் சாப்பாட்டைப் பற்றி அவள் கேட்கவே இல்லை, என் சாமியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். “வெள்ளிக்கிழமை எண்டால் கவனமா இருந்திருப்பன் ரீச்சர். புதன்கிழமைதானே. மச்சம் தின்னாத ஆள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர். வாந்தி எடுத்தவர்களுக்கு முள்ளுப் படாமல் மீனை வடித்துவிட்டு வெறும் சொதியைக் கொடுப்பதுதான் அவர்கள் வழக்கமாம்.

தேநீர் வைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். தன் கோப்பையில் சீனி போடவில்லை. நேற்றுப் பின்னேரம் போட்டுக் குடித்தாளே என்று எதையாவது பேச வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன்.

“எங்களுக்குத் தவசு காலம் ரீச்சர். ஈஸ்டர்ப் பெரிய திருநாள் வரைக்கும் சீனி விட்டிட்டன். நேத்து நீங்கள் களைச்சுப்போய் வந்தனீங்கள், சீனி இல்லாமல் நான் குடிச்சால் நீங்களும் கூச்சப்படுவியள் எண்டு போட்டுக் குடிச்சனான்.”

பாவம் இல்லையா என்றேன்.

“ஆண்டவர் கேட்டால், ரீச்சர் வந்தவா எண்டு சொல்லுவன். இண்டையிலயிருந்து திரும்பவும் விட்டாச்சு” என்று சொல்லி அந்தக் கசப்புத் தேநீரை ஊதிக் குடித்தாள்.

வள்ளத்தில் அந்தப் பதில்தான் என்கூடவே வந்தது. அவளுக்கும் ஒரு விரதம் இருந்தது. என்னுடையதைவிட அதை அவள் குறைவாக மதித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் விரதம் வந்தவளைப் பார்த்து ஒருநாள் நகர்ந்து உட்கார்ந்தது. என் விரதமோ தங்கையைப் பதினோரு வருடம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மீன் சொதிக்காக இல்லை.

நயினாதீவில் கோயில் கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். இந்த வயிற்றோடு உள்ளே போகலாமா என்று யாரையாவது கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு சட்டம் சொல்வார்கள், அதையும் சுமக்க வேண்டும். மீனவர் வீட்டில் ஓர் இரவு தங்கிவந்த வெள்ளி நாகத்தைக் குருக்கள் தட்டில் வாங்கிக்கொண்டு போனார். அம்மன் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது.

வேலணை போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. சிவபாதம் இரண்டு முறை துறைக்குப் போய்த் தேடிவிட்டு வந்திருந்தார். வடிவு என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். குசினி வாசல்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். மூன்று கோப்பை என்பதையும் மறைக்கவில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் எங்களைக் குத்திக்காட்டுவாள் என்று நினைத்தேன். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது.

அவள் கேட்டது, “உப்பு எப்படி இருந்துச்சு அக்கா?”

“சரியாத்தான் இருந்துச்சு. ஏட்டி, அதையா கேக்கே?”

“எனக்குத் தெரியாதே, அதான் கேட்டேன். பதினோரு வருஷமா மணத்தை வச்சுத்தான் உப்புப் போடுதேன்.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சாய்ப்பில் வைத்து ஆக்கிய ஒரு சட்டியைக்கூட அவள் வாயில் வைத்ததில்லை. அவருக்கும் பிள்ளைக்கும் ஆக்கிப்போட்டுவிட்டு, குளித்து, குசினிக்குள் போய்த் தனக்குப் பருப்பும் சோறும் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆசை இல்லாமல் இல்லை. மீனும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சும் நாளில் தெருவெல்லாம் மணக்கும்போது வாயூறும் என்றாள். ஆசைப்பட்டதற்காக மறுநாள் பட்டினி கிடந்ததும் உண்டாம். ஏன் எங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை என்றேன். “யாரும் கேக்கலையே அக்கா. அம்மா என்னைக்காவது வந்து கை நனைச்சா, என் சோத்துல ஒரு குறை சொல்ல இடம் இருக்கக் கூடாதுன்னு இருந்தேன்.”

அவ்வளவு சுத்தமாக இருந்த அடுப்புக்குப் பத்தடி தள்ளித்தான் மூன்று கல்லை வைத்து நான் இரண்டு நாள் பொங்கித் தின்றிருக்கிறேன். நான் எழுந்து கை கழுவினேன். “பசிக்கி. சோறு போடு” என்றேன். பழைய சோறுதான் இருக்கிறது, புதிதாக உலை வைக்கிறேன் என்று அவள் எழுந்தாள். வேண்டாம் என்றேன். தண்ணீர் ஊற்றிய சோறும் மோர்மிளகாயும். அவள் பரிமாறினாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே நின்றாள். பிறகு நான் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வீடு முழுக்கக் கழுவல். காய்ச்சல் விட்டிருந்த கௌரி என்னிடம் ஓடிவந்து, “பெரியம்மா, இண்டைக்குச் சைவம்” என்றாள், ஏதோ பண்டிகை என்பதுபோல. தெருவில் மீன்காரர் குரலே இல்லை. எங்கள் ஊரில் ‘நான் சைவம்’ என்போம். அங்கே ‘இண்டைக்குச் சைவம்’ என்கிறார்கள். நாங்கள் ஆளுக்கு ஒட்டிய சொல்லை அவர்கள் நாளுக்கு ஒட்டியிருக்கிறார்கள். எது சரி என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நாலு பேரும் ஒரே சட்டியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டோம், யாரும் யாரையும் கவனிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அன்று சாயங்காலம் வடிவிடம் சொன்னேன். எங்களுக்காக இருந்தது போதும். உனக்காக வேண்டுமானால் இரு, வேண்டாம் என்றால் விடு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நான் இனி மீன் தின்னப் போகிறவள் இல்லை. தின்றதற்காக அழப்போகிறவளும் இல்லை. வடிவு விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கிளம்ப வேண்டும். மிச்சமிருந்த பருப்புப் பொடியை வடிவின் அலுமாரியில் வைத்தேன். வேப்பமரத்தடிக் கற்களைச் சிவபாதம் எடுத்து வேலியோரம் போட்டிருந்தார். எல்லோருமாகக் குசினியில் உட்கார்ந்தோம். எனக்குப் பருப்பும் முருங்கைக்காயும். வடிவு சாய்ப்பிலிருந்து மீன் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து முதல்முறையாக உள்ளே வைத்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் அகப்பையில் கொஞ்சம் குழம்பு எடுத்து, ஊதி, உள்ளங்கையில் விட்டு வாயில் வைத்தாள்.

கௌரி என் முழங்கையை இடித்துக் காட்டினாள்.

வடிவு இன்னொரு தரம் விட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. “இதில உப்பே இல்லையே” என்றாள்.

சிவபாதம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ. இவ்வளவு காலமும் இப்பிடித்தானோ?”

“இடைக்கிடை கூடவும் இருக்கும்” என்றார் அவர், மெதுவாக. “பழகிப் போச்சுது.”

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். சொன்னால் நீ ருசி பார்க்க வேண்டி வரும், வீட்டாருக்காக இருக்கிற விரதத்தை நான் எப்படிக் குழப்புவது என்றார். கணக்கு ஆசிரியர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான். வடிவு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவர் பக்கத்திலிருந்த உப்புச் சிரட்டையை எடுத்து, ஒரு கை அள்ளிக் குழம்பில் போட்டுக் கலக்கினாள். ருசி பார்த்தாள். இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள். மறுபடி பார்த்தாள். திருப்தியான பிறகு அவர் சோற்றில் ஊற்றினாள்.

அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். வழக்கம்போல இடது கை பக்கவாட்டில் போய்ச் சிரட்டையைத் தேடியது. அது அங்கே இல்லை. கை கொஞ்ச நேரம் வெறும் தரையில் இருந்துவிட்டு, திரும்பி மடிக்கு வந்தது.